லுபான் புகையும் என் இழுப்பும்

மஸ்கட்டின் மத்ரா சூக்கில் லுபான், அதாவது குந்திரிக்கம், விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு. வேறு கடையே கிடைக்கவில்லையா என்று ஊரில் சிரிக்கிறார்கள்.

நமக்கும் இந்தப் புகைக்கும் பழக்கம் பழையது. தெற்கு ஓமானின் தோஃபார் பகுதியில், சலாலாவுக்குக் கிழக்கே, கோர் ரோரி கழிமுகத்தில் சும்ஹுரம் என்றொரு துறைமுகம் இருந்தது. தோஃபார் லுபான் அங்கேதான் கப்பலேறியது. 2006-இல் இத்தாலிய அகழாய்வாளர்கள் அங்கே எடுத்த பானையோட்டில் 'ணந்தை கீரன்' என்று தமிழி எழுத்து, கி.பி. முதல் நூற்றாண்டு. கீரன் வியாபாரியோ மாலுமியோ, இந்த வாசனை தெரியாமல் இருந்திருக்க மாட்டான்.

இங்கே பக்கூர் இல்லாமல் விருந்து முடியாது. அகில், சந்தனம், லுபான், அத்தர் சேர்த்ததைக் கங்கில் போட்டு, மஜ்மர் என்னும் தூபக்காலைக் கைமாற்றுவார்கள். தாடிக்கு ஒரு முறை, தலைத்துணிக்கு ஒரு முறை. துவைத்த துணியையும் மரச்சட்டத்தில் விரித்துப் புகை காட்டுவார்கள். குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி போட்ட நாம் இதைக் குறை சொல்ல முடியாது.

புகையே இழுப்புக்கு மருந்தாக இருந்த காலமும் உண்டு. அதில் சென்னைக்குப் பங்குண்டு. சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்ட கும்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையைப் புகைக்கச் சொன்னார். ஜெனரல் ஜென்ட் அதை 1802-இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோக, டாக்டர் சிம்ஸ் கைக்குப் போனது. பிறகு ஆஸ்துமா சிகரெட் நூறாண்டுக்கு மேல் விற்றது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழலைத் தளர்த்தும் என்பதால் பலன் நிஜம்தான், விஷமும் நிஜம். இன்று நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம் அந்த வம்சத்துப் பிள்ளை.

பக்கூரைப் பற்றிய ஓமான் ஆய்வு 2009-இல் வந்தது. இரண்டு வட்டாரங்களில் 2,441 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்கள். ஆஸ்துமாக்காரப் பிள்ளைகளில் 38 சதவீதம் பேருக்குப் பக்கூர் இழுப்பைக் கூட்டியது. தூசி, பருவ மாற்றம், சளித்தொற்று இவற்றுக்கு அடுத்து நான்காம் இடம். ஆனால் புகை போடும் வீட்டில் நோய் அதிகம் என்று தெரியவில்லை. இருக்கிற இழுப்பைக் கிளப்பிவிடும். இல்லாத இழுப்பைக் கொண்டுவருவதாகக் காணோம்.

முதலாளி வாடிக்கையாளர்களிடம் இரண்டாவதை மட்டும் சொல்கிறார். கைப்பிள்ளையோடு வருபவர்களிடம் நான் முதலாவதையும் சொல்லிவிடுவேன். அதனால் வியாபாரம் ஒன்றும் கெட்டதில்லை. "முற்றத்தில் வைத்துப் போட்டுக்கொள்கிறோம்" என்று வாங்கிப் போகிறார்கள்.