கட்டினால் அவிழும் முடிச்சு

இன்ஃப்ளேஷன்னு சொன்னதும் தக்காளி விலை ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை :-) இது பிரபஞ்சத்தோட இன்ஃப்ளேஷன். பிறந்த மறுகணமே பிரபஞ்சம் மடமடவென்று ஊதிப் பெருத்தது என்று 1981-ல் ஆலன் கூத் எழுதினார். வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை இருக்கே, ஏன்? அதுக்கு இது நல்ல பதில். ஆனால் அவர் மாதிரியில் ஊதல் ஒழுங்காக முடியவில்லை. 1982-ல் லிண்டே தனியாகவும், ஆல்பிரெக்ட்டும் ஸ்டெய்ன்ஹார்ட்டும் சேர்ந்தும் அதைச் சரி செய்தார்கள்.

எப்படி? ஊதலை நடத்தும் ஆற்றல், கிட்டத்தட்ட சமதளமான ஒரு சரிவில் பந்து மாதிரி மெதுவாக உருளணும். சரிவு கொஞ்சம் செங்குத்தா இருந்தாலும் பந்து சட்டுன்னு கீழே போயிடும், ஊதலும் முடிஞ்சிடும். காகிதத்தில் அந்தச் சமதளத்தை நாமே வரைஞ்சுக்கலாம். இயற்கை ஏன் அப்படி வரையணும்? அதைச் சொல்ல ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்துப் பேசும் கோட்பாடு வேணும். ஸ்ட்ரிங் தியரி அந்த வேலைக்குத்தான் மனு போட்டிருக்கு.

அங்கதான் சிக்கல். அந்தத் தியரிக்கு மொத்தம் பத்துப் பரிமாணம். நம்ம கண்ணுக்குத் தெரியாத ஆறு, சுருண்டு கிடக்கு. அந்தச் சுருளின் அளவும் வடிவமும் நிலையாக நிற்காது. பிடிச்சு நிறுத்தலைன்னா அதுவே விரிஞ்சு ஓடிடும். 1998-ல் த்வாலியும் டையும் ஒரு அழகான யோசனை சொன்னார்கள்: ‘பிரேன்’ எனப்படும் இரண்டு படலங்கள் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்குது, நடுவில் இருக்கும் தூரம்தான் நம்ம பந்து. ஆனால் சுருள் எப்படியோ நிலையா நிற்குதுன்னு அதில் வைத்துக்கொண்டார்கள்.

2003 ஜனவரியில் கச்ரு, கல்லோஷ், லிண்டே, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தீப் திரிவேதி நால்வரும் சுருளை நிறுத்த ஒரு வழி காட்டினார்கள். பெரிய சாதனை. அதே ஆண்டு ஆகஸ்டில் மால்டசீனாவும் மெக்அலிஸ்டரும் சேர, ஆறு பேராக அதில் இன்ஃப்ளேஷனைப் பொருத்திப் பார்த்தார்கள். விடை என்ன தெரியுமா? சுருளைக் கட்டிய அதே கயிறு பந்தின் பாதையையும் இழுத்துச் செங்குத்தாக்கி விட்டது! சரிவின் வளைவைக் குறிக்கும் எண் 0.01 அளவில் இருக்கணும், வந்ததோ 2/3. வேறு விளைவுகள் வந்து நூற்றில் ஒரு பங்கு துல்லியமாக அதை ரத்து செய்தால்தான் உண்டு. இதை அவர்கள் மறைக்கவில்லை, அந்தக் கட்டுரையிலேயே விளக்கி எழுதினார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.

2007-ல் பாவ்மனும் கூட்டாளிகளும் அந்த விளைவுகளில் முக்கியமான ஒன்றைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். ஒரு சின்ன இடத்தில் மட்டும், அதுவும் எண்களைப் பார்த்துப் பார்த்து வைத்தால்தான், பாதை சமமாகுது.

2008-ல் சில்வர்ஸ்டைனும் வெஸ்ட்ஃபாலும் வேறு வழி பிடித்தார்கள். அதற்கு அடுத்து வந்த எளிய வடிவம், வானத்தில் ஈர்ப்பலைத் தடயம் 0.07 அளவில் இருக்கும்னு சொன்னது. தென்துருவத்து பைசெப்-கெக் தொலைநோக்கிகள் 2021-ல் வைத்த உச்சவரம்பு 0.036. அந்த வடிவம் அவுட். 2018-ல் வாஃபாவும் சகாக்களும், நால்வர் காட்டிய மாதிரி நிலையான தீர்வே இந்தத் தியரியில் கிடையாதோ என்று கேட்டார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரலை.

ஸ்ட்ரிங் தியரியைச் சோதிக்கவே முடியாதுன்னு சிலர் சொல்றாங்க. மொத்தத் தியரிக்கு அது சரியா இருக்கலாம். ஆனா அதிலிருந்து கட்டிய ஒரு மாதிரியை வானம் தூக்கி எறிஞ்சிருக்கே, அது சோதனை இல்லாம வேற என்னங்க?