யாராலும் படிக்க முடியாத புத்தகம்

எழுத்து தெரியாத வயசில் படப் புத்தகம் புரட்டின ஞாபகம் இருக்கா? அந்த உணர்வைப் பெரியவங்களுக்கும் திருப்பிக் கொடுக்க ஆசைப்பட்டவர் இத்தாலிய ஓவியர் லூயிஜி செராஃபினி.

1970-களின் பிற்பகுதியில், ரோம் நகரில் உட்கார்ந்து, இல்லாத ஓர் உலகத்துக்கு ஒரு கலைக்களஞ்சியம் வரைந்தார். விசித்திரமான செடிகள், இயந்திரங்கள், கட்டிலில் முதலையாக மாறும் ஒரு காதல் ஜோடி! எழுத்தும் அவரே உருவாக்கினதுதான். 'கோடெக்ஸ் செராஃபினியானஸ்' என்ற அந்தப் புத்தகத்தை, 1981-ல் ஃப்ராங்கோ மரியா ரிச்சி இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்.

அந்த எழுத்தை உடைக்கப் பலர் முயன்றாங்க. பக்க எண்கள் மட்டும் பிடிபட்டன: நமக்கு 10 மாதிரி, அங்கே 21-தான் அடிப்படை. கடைசியில், 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசும்போது, இந்த எழுத்துக்கு அர்த்தமே கிடையாதுன்னு செராஃபினியே சொல்லிட்டார்.

இதற்குள் முதல் பதிப்பு சேகரிப்பாளர்களின் பொக்கிஷமாகிவிட்டது. 2013-ல் ரிசோலி நிறுவனம் மறுபதிப்பு கொண்டுவந்தது. கூடவே, எண்ணிட்டு, அவர் கையெழுத்தோடு ஒரு சொகுசுப் பதிப்பும் வந்தது.

சொகுசுப் பதிப்பு அழகுதான். ஆனா அது பெரும்பாலும் கண்ணாடி அலமாரிக்குள்ளே போயிடும். குழந்தை மாதிரி புரட்டணும்னு செய்த புத்தகத்தைத் தொடவே பயந்தா எப்படி? என் ஓட்டு சாதாரணப் பதிப்புக்குத்தான். அதில் விரல் ரேகை படியட்டுமே!