மூணு நிமிஷத் தோடியும் முப்பது செகண்டு பாட்டும்

ரிக்கார்டு பிளேயர் வாங்கலாமா, இல்ல மாசச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்லயே கேட்டுக்கலாமா? பாட்டுப் பைத்தியங்கள் நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா இந்தச் சண்டை வராம இருக்காது. "வினைல்ல இருக்குற உயிர் வேற எதுலயும் வராது"ன்னு ஒரு கோஷ்டி. "பத்து கோடிப் பாட்டு சட்டைப் பையில இருக்கும்போது எவன்யா தட்டைத் துடைச்சிக்கிட்டு இருப்பான்"னு இன்னொரு கோஷ்டி. பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினா, ரெண்டு பேருமே முக்கியமான கேள்வியை விட்டுட்டு பக்கத்து இலையைப் பார்க்குறாங்களோன்னு தோணுது.

கதை 1902-ல் கல்கத்தாவில் ஆரம்பிக்குது. கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் ஒரு ஹோட்டல் அறையில் கருவியை வைத்து, கௌஹர் ஜானைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். பாட்டு முடிஞ்சதும் அந்தம்மா தன் பேரை இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. பந்தா இல்லைங்க, காரணம் இருக்கு. தட்டு அச்சடிக்கிற வேலை நடந்தது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கே இருக்கிறவங்களுக்கு யார் பாட்டுன்னு தெரியணுமே!

அந்தத் தட்டு அரக்கில் செஞ்சது. மரக்கிளையில பூச்சி சுரக்குற அதே அரக்குதான். உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அனுப்பினது இந்தியா. ஆக, நம்ம ஊரு அரக்கு கப்பலேறிப் போய் நம்ம ஊரு பாட்டைச் சுமந்துக்கிட்டுத் திரும்பி வந்தது. 1908-ல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை திறந்த பிறகுதான் இந்த அலைச்சல் ஓய்ந்தது.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுத்துற அந்தத் தட்டில், ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், மிஞ்சினா நாலு. கர்நாடக சங்கீதம் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார்னு பேர் வாங்கின டி.என். ராஜரத்தினம் பிள்ளை, அந்த மூணு நிமிஷத்துக்குள்ள தோடியை அடக்க வேண்டியிருந்தது. பல்லவியை விரிச்சுப் பாட இடமில்ல, கீர்த்தனையையே நறுக்கணும். ஆனா அந்தத் தட்டு ஊர் ஊரா போச்சு. 1956-ல் மறைந்த அவருடைய நாதஸ்வரம் இன்னிக்கும் நம்ம காதுல விழுதுன்னா, அந்தக் கறுப்புத் தட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

ரெண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்து குறைய, அமெரிக்கா தன் சிப்பாய்களுக்கு அனுப்பின இசைத்தட்டுகளை வினைலில் அச்சடிச்சது. 1948-ல் கொலம்பியா கம்பெனி எல்.பி.யைக் கொண்டு வந்தது. 33⅓ சுற்று, நெருக்கமான வரித்தடம், பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல. 1963-ல் எம்.எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம் வெளிவந்தது எல்.பி.யில்தான். சுமார் இருபது நிமிஷம் ஓடுற அதை 78-ல் போட்டிருந்தா, பெருமாள் எழுந்திரிக்கிறதுக்குள்ள நாலஞ்சு தடவை தட்டைத் திருப்பணும் :-)

அப்புறம் 1982-ல் சி.டி., 90-களில் எம்.பி.3, 2008-ல் ஸ்வீடனில் ஸ்பாட்டிஃபை. அது இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில்.

சரி, எது ஒசத்தி? அளந்து பார்த்தா டிஜிட்டல்தான். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவிலான இடைவெளி சி.டி.யில் சுமார் 96 டெசிபல். வினைல் அதைத் தொட முடியாது. மந்தர ஒலியைக் குறைச்சு, உச்ச ஒலியைக் கூட்டித்தான் தட்டில் செதுக்கணும். பிளேயர் அதைத் திரும்பச் சரி பண்ணும். மையத்தை நெருங்க நெருங்க ஒலி கொஞ்சம் கலங்கும். முள் ஓட ஓட தட்டு தேயும். 2022-ல் இன்னொரு கூத்து வெளிய வந்தது. முழுக்க அனலாக்னு ரசிகர்கள் நம்பி வாங்கின மொபைல் ஃபிடிலிட்டி தட்டுகள் பலவற்றில், நடுவுல டிஜிட்டல் படி ஒண்ணு இருந்திருக்கு. பல வருஷமா காதை வச்சே கண்டுபிடிச்சிடுவேன்னவங்க யாரும் கண்டுபிடிக்கல!

அப்படியும் அதே 2022-ல், 1987-க்குப் பிறகு முதல் தடவையா, அமெரிக்காவில் சி.டி.க்களைவிட வினைல் தட்டுகள் அதிகமா வித்தன. ஏன்? ஒரு காரணம், ஒரு பொருள் கைக்கு வருது, அது நம்ம வீட்டுல இருக்கும் என்கிற நிம்மதின்னு நினைக்கிறேன். ஸ்ட்ரீமிங் வாடகை வீடு மாதிரி. 2022 ஜனவரியில் நீல் யங் கோவிச்சுக்கிட்டு தன் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுக்கச் சொன்னார். சந்தா கட்டினவங்களுக்கு அதில் ஒரு பேச்சும் கிடையாது. 2024-ல் அவரே திரும்பி வந்தார், அது அவர் இஷ்டம். ஆனா எவன் வீட்டு அலமாரியில இருந்த நீல் யங் எல்.பி.யும் எங்கேயும் போகல.

ஸ்ட்ரீமிங்குக்கும் ஒரு அளவுகோல் உண்டு. ஸ்பாட்டிஃபையில் முப்பது செகண்டு ஓடினாத்தான் ஒரு தடவை கேட்டதாக் கணக்கு. 2024-லிருந்து, பன்னிரண்டு மாசத்துல ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பைசா கிடையாது. அன்னிக்கு மூணு நிமிஷம் ஆலாபனையைச் சுருக்கிச்சு. இன்னிக்கு முப்பது செகண்டு ஆலாபனைக்கு என்ன மரியாதை கொடுக்கும்? ஆயிரம் பேர் தேடாத பழைய வித்வானின் தட்டை டிஜிட்டலாக்க எந்தக் கம்பெனிக்கு ஆசை வரும்?

என் கவலையெல்லாம் இதுதான். பத்து கோடிப் பாட்டுன்னா எல்லாப் பாட்டும் இருக்குன்னு அர்த்தமில்ல. உரிமை வச்சிருக்கிறவங்க ஏத்தினதுதான் இருக்கு. சின்னக் கம்பெனிகள் போட்ட 78 தட்டுகளில், யாரோ ஒருத்தர் வீட்டுப் பரணில் மட்டும் மிச்சம் இருக்குறதும் உண்டு. சென்னை ரோஜா முத்தையா நூலகமும், பெங்களூரில் விக்ரம் சம்பத் தொடங்கின ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்கும் இதைச் சேகரிக்கிற வேலையைச் செய்யறாங்க. ஆனா பரணில் இருக்குறது அவங்களுக்குத் தானா தெரியாதே!

அதனால, தினமும் கேட்க ஸ்ட்ரீமிங்கே போதும், குத்தமில்ல. உசுரா நினைக்கிற பத்துப் பாட்டையாவது தட்டோ, சி.டி.யோ, காசு கொடுத்து இறக்கின கோப்போ, ஏதோ ஒரு வடிவத்துல சொந்தமா வச்சிக்கோங்க. தாத்தா வீட்டை காலி பண்ணும்போது, கறுப்பா, கனமா, விழுந்தா உடையுற மாதிரி ஏதாவது தட்டு தட்டுப்பட்டா, பழைய இரும்புக்காரர்கிட்ட போடறதுக்கு முன்னாடி லேபிளைத் துடைச்சு ஒரு தடவை படிச்சுப் பாருங்க, புண்ணியமா போகும்.