சீல் குட்டியின் கண்ணீரும் ஒரு கத்தியும்

லெம்மிங் என்று ஒரு எலி இனம். கும்பல் கும்பலாகப் போய் பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய். அந்தப் பொய்யை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரிய பங்கு டிஸ்னியின் 'வொய்ட் வில்டர்னஸ்' (1958) என்ற ஆவணப்படத்துக்கு உண்டு. ஆஸ்கர் வாங்கிய படம்!

1982இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி இதைத் தோண்டியபோது குட்டு வெளிப்பட்டது. காட்சி எடுக்கப்பட்டது ஆல்பர்ட்டா மாகாணத்தில். அங்கே கடலே கிடையாது. எலிகளை வேறு மாகாணத்தில் காசு கொடுத்து வாங்கி வந்து, சுழலும் மேடையில் ஓடவிட்டு, கடைசியில் ஆற்றில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எடிட்டிங்கில் ஆறு கடலானது, கொஞ்சம் எலிகள் பெருங்கூட்டமாயின, கொலை தற்கொலையானது.

இதில் அரசியல் எதுவும் இல்லை. நல்ல காட்சி வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். இதே மாதிரி ஒரு காட்சியில் அரசியலும் வியாபாரமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? அதற்கும் கனடாவிலேயே ஒரு கதை இருக்கிறது. சீல் வேட்டையின் கதை.

1964 மார்ச். செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் இருக்கும் மக்தலேன் தீவுகளுக்கு ஒரு படக்குழு போனது. அங்கே பனிப்பரப்பில் ஆண்டுதோறும் சீல் குட்டிகளைத் தடியால் அடித்துக் கொன்று தோல் எடுப்பார்கள். பிறந்து இரண்டு வாரம் வரை அந்தக் குட்டிகளின் ரோமம் வெள்ளை வெளேரென்று இருக்கும். நல்ல விலை போகும். குழு எடுத்த படம் மே மாதம் ரேடியோ கனடாவின் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தது. அதில் ஒரு காட்சி: ஒரு சீல் உயிரோடு இருக்கும்போதே கத்தியால் தோல் உரிக்கப்படுகிறது.

பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். மான்ட்ரியலில் பீட்டர் லஸ்ட் என்ற பத்திரிகையாளர் ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஐரோப்பா முழுக்கப் பரவியது. கனடா அரசுக்குக் கடிதங்கள் குவிந்தன. உயிரோடு தோல் உரிக்கக் கூடாது, இத்தனைக்கு மேல் கொல்லக் கூடாது, தடி இப்படித்தான் இருக்க வேண்டும் என்றெல்லாம் அரசு அவசரமாக விதிகள் போட்டது.

இங்கேதான் திருப்பம். சில வருடங்கள் கழித்து, அந்தக் காட்சியில் இருந்த வேட்டைக்காரர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். தன்னைப் படக்குழுதான் கூலிக்கு அமர்த்தியது என்றும், முதலில் தடியால் கொல்வதுதான் வழக்கம் என்றும், கேமராவுக்காகத் தடி இல்லாமல் கத்தியை மட்டும் பயன்படுத்தச் சொன்னார்கள் என்றும் அதில் சொன்னார். படக்குழுவினர் இதை ஏற்கவில்லை. விவகாரம் நாடாளுமன்றக் குழு வரை போனது.

அவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன நிரூபணமாகிறது? அந்த ஒரு காட்சி ஏற்பாடு செய்யப்பட்டது என்பது மட்டும்தான். வேட்டையில் கொடுமையே இல்லை என்று ஆகிவிடாது. ஹாரி லில்லி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வேட்டைக் கப்பலில் போய்ப் பார்த்துவிட்டு, இது கொடூரம் என்று 1950களிலேயே எழுதியிருந்தார். ஆனால் வேட்டையை ஆதரித்தவர்கள் "பாருங்கள், எல்லாமே செட்டப்" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார்கள். எதிர்த்தவர்களோ அந்த ஒரு காட்சியையே மொத்த வேட்டையாகக் காட்டினார்கள். வீடியோ பொய்யா என்பது ஒரு கேள்வி, கொடுமை நடக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பினால் இரு தரப்புக்கும் லாபம்.

இதே குழப்பம் 25 வருடம் கழித்து நார்வேயிலும் நடந்தது. 1988இல் அந்த நாட்டு மீன்வள அமைச்சகம் ஒரு பத்திரிகையாளரை சீல் வேட்டைக் கப்பலில் ஆய்வாளராக அனுப்பியது. விதிமீறல் நடக்கிறது, உயிரோடு தோல் உரிக்கிறார்கள் என்று அவர் அறிக்கை கொடுத்தார். அரசு அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. 'ப்ளாடெட் ட்ரொம்சோ' என்ற உள்ளூர்ப் பத்திரிகை முழு அறிக்கையையும் அச்சிட்டது. 1989 பிப்ரவரியில் அவர் எடுத்த படம் ஸ்வீடன் தொலைக்காட்சியில் வந்ததும் ஸ்வீடன் மன்னரே நார்வே பிரதமர் ப்ருண்ட்லாண்டை வெளிப்படையாக விமர்சித்தார்.

நார்வே அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆய்வாளர் குறிப்பிட்டுச் சொன்ன குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை நிரூபணமாகவில்லை என்று 1990இல் அது சொன்னது. மாலுமிகள் தொடர்ந்த அவதூறு வழக்கில் பத்திரிகை தோற்றது. ஆனால் 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசே நியமித்த ஆய்வாளரின் அறிக்கையை நம்பி வெளியிட்டது தவறில்லை என்றது. கவனியுங்கள், அறிக்கையில் இருந்ததெல்லாம் உண்மை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. அரசு அந்த அறிக்கையை முதலிலேயே வெளியிட்டு விசாரித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபடி கனடாவுக்கு வருவோம். வெள்ளைக் குட்டியின் முகம் போராட்டத்தின் சின்னமாகிவிட்டது. பெரிய கருங்கண்கள், கன்னத்தில் வழியும் கண்ணீர். உண்மையில் நமக்கு இருப்பது போலக் கண்ணீரை மூக்குக்கு வடிக்கும் குழாய் சீலுக்குக் கிடையாது. அதனால் கண்ணீர் எப்போதும் வெளியே வழியும். அழவில்லை, அதன் உடம்பே அப்படி. 1977இல் பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ பனிப்பரப்புக்கே போனார். 1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வெள்ளைக் குட்டித் தோல் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1987இல் கனடாவே அந்தக் குட்டிகளின் வணிக வேட்டையைத் தடை செய்தது. அது நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகும் பிரசாரங்களில் அதே வெள்ளைக் குட்டி வந்துகொண்டே இருந்தது.

மறுபக்கமும் சளைத்ததில்லை. அனுமதி வாங்காமல் வேட்டை நடக்கும் இடத்துக்கு அரைக் கடல் மைலுக்குள் யாரும் வரக்கூடாது என்று விதி வைத்தது கனடா. படமே எடுக்க முடியாவிட்டால் எடிட் செய்யவும் எதுவும் இருக்காது அல்லவா? 2009இல் தடையை விரிவாக்க ஐரோப்பிய நாடாளுமன்றம் வாக்களித்த அதே மாதத்தில், கனடாவின் கவர்னர் ஜெனரல் மிக்காயேல் ஜான் கேமராக்கள் முன்னால் சீலின் பச்சை இதயத்தைச் சாப்பிட்டார். படத்துக்குப் பதில் படம்.

இந்தச் சண்டையில் சட்டகத்துக்குள்ளேயே வராதவர்கள் இன்யூயிட் மக்கள். ஆர்க்டிக்கில் வாழும் பழங்குடிகள். அவர்கள் வேட்டையாடியது பெரும்பாலும் வேறு இன சீல், வளர்ந்த சீல். இறைச்சியைத் தின்றார்கள், தோலை விற்று எரிபொருளும் தோட்டாவும் வாங்கினார்கள். 1983 தடையில் அவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் நான் படிக்கும் வணிகவியலின் முதல் பாடம் இது: சட்டம் விலக்கு கொடுக்கலாம், சந்தை கொடுக்காது. கடையில் சீல் தோலைப் பார்த்து முகம் சுளிப்பவர் அது எந்த சீல், யார் கொன்றது என்று கேட்கமாட்டார். ரெசலூட் என்ற ஊரில் 1982இல் சுமார் 54,000 டாலராக இருந்த தோல் வருமானம் 1983இல் 1,000 டாலராக விழுந்தது. அந்த ஊர்க்காரர்கள் எந்தக் குட்டியையும் கேமராவுக்காகத் துன்புறுத்தவில்லை. அவர்கள் படத்தில் இல்லை, அவ்வளவுதான். 2016இல்தான் அலேதியா அர்னாகுக்-பாரில் என்ற இன்யூயிட் இயக்குநர் 'ஆங்ரி இனுக்' என்ற படத்தில் தங்கள் தரப்பைச் சொன்னார்.

விலங்கு வதை வீடியோ எல்லாமே பொய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கேமரா போயிருக்காவிட்டால் 1964க்குப் பிறகு வந்த விதிகள் அவ்வளவு வேகமாக வந்திருக்காது. அதே கேமராதான், கொஞ்சம் அவசரத்தாலும் கொஞ்சம் அரசியலாலும், ரெசலூட்டின் சமையலறை வரை கை வைத்தது.

நானும் இப்படி ஒரு 20 வினாடி வீடியோவைப் பார்த்து ஆத்திரத்தில் எங்கள் வகுப்புக் குழுவில் பகிர்ந்தவன்தான். முழு வீடியோ மறுநாள் வந்தது. அதில் அந்த ஆள் நாயை அடிக்கவில்லை, கம்பியில் மாட்டிய அதன் காலை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். குழுவில் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் முதல் வீடியோவை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதையும் அனுப்பினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.