முடியைத் தொடலாம், முகத்தைத் தொடக்கூடாது!

ஒரு படப்பிடிப்புத் தளம். கண்ணாடி முன்னால் கதாநாயகி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தலை வாரி, சவுரி வைத்து, பூ வைப்பவர் ஒரு பெண். முகத்துக்குப் பவுடர் போட்டு, கண்ணுக்கு மை தீட்டி, உதட்டுக்குச் சாயம் பூசுபவர் ஒரு ஆண். இரண்டு பேரும் அலங்கரிப்பது ஒரே தலையைத்தான். ஆனால் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லைக்கோடு இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே பெண்ணின் கை வரக்கூடாது!

கதையல்ல, நிஜம். மும்பைத் திரையுலகில் 1955 முதல் 2014 வரை, 59 ஆண்டுகள் இதுதான் நடைமுறை. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தக் கோடு அழிந்தது.

ஒப்பனைக் கலைஞர் ஆக வேண்டும் என்று ஆசைப்படும் ஒருவர் என்னவெல்லாம் கற்க வேண்டும் என்று கேட்டால் பட்டியல் நீளும். வண்ணங்களின் சேர்க்கை, தோலின் தன்மை, முக எலும்பின் அமைப்பு, விளக்கு வெளிச்சம், சுத்தம்... ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், கற்பதைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. யார் கற்கலாம், கற்ற பிறகு யார் அந்தத் தூரிகையைக் கையில் எடுக்கலாம் என்பதுதான் அது.

தானே வேஷம் கட்டிய காலம்

முதலில் 'ஒப்பனைக் கலைஞர்' என்ற தனி ஆளே பெரும்பாலும் கிடையாது. நம்மூர் தெருக்கூத்தில் நடிப்பவரே தன் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொள்வார். வேஷம் கட்டத் தெரிவதும் நடிப்பின் ஒரு பகுதிதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை போன்ற 'பாய்ஸ் கம்பெனி'களில் சிறுவர்களே பெண் வேடமும் போட்டார்கள். விதிவிலக்கும் உண்டு. கதகளியில் நடிகரின் முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும் 'சுட்டி' வேலைக்குத் தனிக் கலைஞர் இருக்கிறார். கேரள கலாமண்டலத்தில் அது ஒரு தனிப் பாடம்.

தொடக்க கால சினிமாவும் நாடகத்தைப் போலத்தான். 1913ல் வெளியான பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் ராணி தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆண். ஹாலிவுட்டில் லான் சேனி, 1923ல் நாட்டர் டேமின் கூனனாகவும் 1925ல் ஓபராவின் பேயாகவும் தன் முகத்தைத் தானே மாற்றிக்கொண்டார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் ஒப்பனை பற்றிய குறிப்பை எழுதும் அளவுக்கு அவர் அந்தக் கலையில் பெயர் பெற்றிருந்தார்.

டோப்பாக்காரர்கள் கட்டிய தொழில்

ஒப்பனையைத் தனித் தொழிலாக மாற்றியவர்கள் டோப்பா செய்பவர்கள் என்பது சுவாரசியமான விஷயம். போலந்தில் பிறந்த மாக்ஸ் ஃபேக்டர் சிறுவயதிலேயே டோப்பா செய்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். 1904ல் அமெரிக்காவுக்குக் குடியேறி, 1908ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அப்போது நடிகர்கள் மேடைக்கான கெட்டியான மெழுகுச் சாயத்தையே படத்துக்கும் பூசினார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் நாடகத்துக்கு அது சரி. காமிரா பக்கத்தில் வரும்போது சாயம் வெடித்துக் கோடு கோடாகத் தெரிந்தது. 1914ல் ஃபேக்டர் சினிமாவுக்கென்றே மெல்லிய களிம்பு ஒன்றைத் தயாரித்தார்.

அத்தோடு பிரச்சினை தீரவில்லை. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. சிவப்பு உதடு திரையில் கறுப்பாகும். நீலக் கண் வெளுத்துப் போகும். 1920களின் கடைசியில் எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் வந்தது, ஒப்பனை மாறியது. அடுத்து டெக்னிகலர் வந்தது, மறுபடியும் மாறியது. அதற்காக ஃபேக்டரின் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் கொண்டு வந்ததுதான் புகழ்பெற்ற 'பான்கேக்'. அதாவது, கண்ணுக்கு அழகாகத் தெரிவது வேறு, காமிராவுக்கு அழகாகத் தெரிவது வேறு. இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வதுதான் சினிமா ஒப்பனையின் அரிச்சுவடி.

இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் வெஸ்ட்மோர் என்பவரும் டோப்பாக்காரர்தான். 1917ல் ஹாலிவுட்டின் முதல் ஒப்பனைத் துறையை அமைத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய ஆறு மகன்களும் அதே தொழிலுக்கு வந்து பெரிய ஸ்டூடியோக்களின் ஒப்பனை அறைகளை ஆண்டார்கள். தொழில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, குருவிடமிருந்து சீடனுக்குப் போனது. பள்ளிக்கூடம் இல்லை, பாடப்புத்தகம் குறைவு. வீட்டுக்குள்ளேயோ அறைக்குள்ளேயோ இடம் கிடைத்தவருக்கு வித்தை கிடைக்கும். கிடைக்காதவர் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

1937ல் ஹாலிவுட் ஒப்பனையாளர்களுக்கும் சிகையலங்காரம் செய்பவர்களுக்கும் 706 என்ற எண் கொண்ட சங்கம் வந்தது. அங்கேயும் முகம் ஆணுக்கு, முடி பெண்ணுக்கு என்ற பிரிவினைதான் வழக்கம். அதை மீறி நுழைந்த முதல் பெண் என்று டாட்டி பொனடெலைச் சொல்கிறார்கள். மார்லின் டீட்ரிச்சுக்கும் ஜூடி கார்லண்டுக்கும் ஒப்பனை செய்தவர். தன்னுடன் வேலை பார்த்த ஆண்களின் எதிர்ப்பைச் சமாளித்துத்தான் அவர் அந்த இடத்தில் நிற்க முடிந்தது. நட்சத்திரங்கள் "இவர்தான் வேண்டும்" என்று கேட்டது அவருக்குக் கவசமாக இருந்தது. அப்படிக் கேட்க ஆள் இல்லாத பெண்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கதவைத் திறந்த ஒருவர்

இந்த மூடிய உலகத்தில் வித்தியாசமாக நடந்துகொண்டவர் டிக் ஸ்மித். 'காட்ஃபாதர்', 'எக்ஸார்சிஸ்ட்' படங்களின் ஒப்பனைக் கலைஞர். இவருக்குக் குரு கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தானே பழகியவர். 1945ல் நியூயார்க்கில் என்.பி.சி. தொலைக்காட்சியில் வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் தங்கள் கலவைகளையும் உத்திகளையும் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த காலத்தில், இவர் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 1965ல் வீட்டில் கிடைக்கும் பொருட்களை வைத்துப் பேய், பூத வேஷம் போடுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். பின்னாளில் தபால் வழியாகவே ஒரு பாடத்திட்டமும் நடத்தினார்.

அவருக்குக் கடிதம் எழுதிய இளைஞர்களில் ஒருவர் ரிக் பேக்கர். பதில் வந்தது. பிறகு 1973ன் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் உதவியாளர் வேலையும் வந்தது. 1982ல் ஒப்பனைக்கென்று நிரந்தரமாக ஆஸ்கர் விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதலில் வாங்கியவர் இதே ரிக் பேக்கர்! அடுத்த ஆண்டு, 1983ல், அந்த விருதை இரண்டு பெண்கள் பகிர்ந்துகொண்டார்கள். சாரா மொன்சானி, மிஷேல் பர்க். படம் 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்'.

இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உலகம் பெண்களின் கைக்கு ஆஸ்கர் கொடுத்த அந்த 1983ல், மும்பையில் ஒரு பெண்ணுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டை கிடைக்காது. இன்னும் 31 ஆண்டுகளுக்குக் கிடைக்கப் போவதும் இல்லை.

ஜெமினியின் ஒப்பனை அறை

சென்னை ஜெமினி ஸ்டூடியோவின் ஒப்பனைத் துறையைப் பற்றி அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. ஆங்கிலப் பாடத்தில் படித்தவர்களுக்கு உடனே நினைவு வரும். லாரி லாரியாக வந்து இறங்கியது அதே 'பான்கேக்'தான். அந்த அறையில் ஒரு கண்டிப்பான வரிசை. கதாநாயகன், நாயகிக்குத் தலைமை ஒப்பனையாளர், அடுத்தடுத்த பாத்திரங்களுக்கு அவருடைய மூத்த, இளைய உதவியாளர்கள். கூட்டக் காட்சிக்கு பெரிய பாத்திரத்தில் சாயம் கலந்து அப்புவதற்கு நாற்பது வயதைத் தாண்டிய ஒரு 'ஆபீஸ் பாய்'.

வங்காளி, மராட்டியர், கன்னடர், ஆந்திரர், தமிழர் என்று பல ஊர்க்காரர்கள் அந்த அறையில் கலந்திருந்தார்கள். இந்தியாவையே ஒரு அறைக்குள் பார்த்தது மாதிரி! ஆனால் 'மேக்கப் மேன்' முதல் 'ஆபீஸ் பாய்' வரை பதவியின் பெயர்களைப் பாருங்கள். எல்லாமே ஆண்பால்.

காலம் மாறியது. சாயம் பூசினால் போதும் என்ற நிலை போய், ரப்பரிலும் சிலிக்கானிலும் புது முகமே செய்து ஒட்டும் கலை வந்தது. 1996ல் 'இந்தியன்' படத்தில் கமல்ஹாசனை முதியவராக மாற்ற ஹாலிவுட்டிலிருந்து மைக்கேல் வெஸ்ட்மோர் வரவழைக்கப்பட்டார். 1917ல் முதல் ஒப்பனைத் துறை அமைத்தாரே ஜார்ஜ் வெஸ்ட்மோர், அவருடைய பேரன்! மூன்றாவது தலைமுறையிலும் குடும்பத் தொழில் தொடர்ந்தது. ஆனால் இதற்குள் அமெரிக்காவில் பள்ளிகளும் வந்துவிட்டன. வெஸ்ட்மோர் வீட்டில் பிறக்காதவரும் கட்டணம் கட்டிக் கற்கலாம்.

26,500 ரூபாய் அபராதம்

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் சாரு குரானா. கலிஃபோர்னியாவில் உள்ள சினிமா ஒப்பனைப் பள்ளி ஒன்றில் முறையாகப் பயின்று தேறியவர். இந்தியா திரும்பி வேலையைத் தொடங்கியபோது, மும்பையின் சினி காஸ்ட்யூம், மேக்கப் கலைஞர்கள், ஹேர் டிரெஸ்ஸர்கள் சங்கத்தின் அட்டை வேண்டும் என்றார்கள். 2009ல் விண்ணப்பித்தார். நிராகரிக்கப்பட்டது. காரணம் திறமைக் குறைவு அல்ல. அவர் ஒரு பெண். அட்டை இல்லாமல் வேலை செய்ததற்காக 26,500 ரூபாய் அபராதம் வேறு!

சங்கத்தின் விதிப்படி ஒப்பனைக்கு 'மேக்கப் மேன்', முடிக்குப் பெண். இதற்குச் சங்கம் சொன்ன காரணம், பெண்களை ஒப்பனைக்கு அனுமதித்தால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்பது. இதை முழுக்கக் கேலி செய்து ஒதுக்க முடியாது. தினக்கூலியை நம்பி இருக்கும் தொழிலாளியின் பயம் உண்மையான பயம். சங்கங்கள் உருவானதே அந்தப் பயத்துக்குப் பாதுகாப்பாகத்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிய, இன்னொரு குடும்பத்தின் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? பெண்ணுக்குக் குடும்பம் இல்லையா, பசி இல்லையா?

தேசிய மகளிர் ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகும் சங்கம் அசைந்து கொடுக்கவில்லை. சாரு குரானாவும் இன்னும் சில பெண்களும் 2013ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள்.

2014 நவம்பர் 10

நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு.லலித் ஆகியோர் அன்று தீர்ப்பளித்தார்கள். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஒருவர் சங்கத்தில் உறுப்பினராகக் கேட்கும் தகுதி 15 வயது நிறைவதைத்தான். அதில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம், சட்டத்தில் இல்லாத தடையைத் தன் விதிகளில் எப்படி வைக்கலாம்? சமத்துவம், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமை, கண்ணியமாக வாழும் உரிமை ஆகிய மூன்றுக்கும் அது எதிரானது என்று சொல்லி விதிகளை ரத்து செய்தார்கள். மகாராஷ்டிராவில் ஐந்தாண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்தோடு போனது. வழக்குத் தொடுத்தவர்களை நான்கு வாரத்துக்குள் ஒப்பனைக் கலைஞர்களாகச் சேர்க்கவும், அவர்களுக்குத் தொந்தரவு வந்தால் காவல்துறை பாதுகாக்கவும் உத்தரவு.

கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். ஒரு பெண் இன்னொருவர் முகத்துக்குப் பவுடர் போடுவதற்குக் காவல்துறையின் பாதுகாப்பு பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது!

இன்று ஒப்பனை வகுப்பில் சேரும் ஒரு மாணவி முதல் நாள் வண்ணச் சக்கரத்தைப் பற்றிக் கற்பாள். பிறகு வெவ்வேறு தோல் நிறங்களுக்குக் கலவை, ஒவ்வொரு முகத்துக்கும் தூரிகையைச் சுத்தம் செய்வது, எடுத்த காட்சிக்கும் அடுத்து எடுக்கப் போகும் காட்சிக்கும் முகம் மாறாமல் பார்த்துக்கொள்வது என்று பாடம் நீளும். எல்லாம் தேவைதான். அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம் சாரு குரானா வழக்குக்கும் இருக்கலாம். திறமை உள்ளே அழைத்துப் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சில கதவுகள் திறமையைப் பார்த்துத் திறப்பதில்லை. யாராவது ஒருவர் நின்று தட்டிக்கொண்டே இருந்ததால் திறக்கின்றன.

அந்த நெற்றிக்கோடு சட்டத்தில் அழிந்துவிட்டது. மனங்களிலும் அழிய வேண்டும், அவ்வளவுதான்.