ஒரு முறையே விரியும் பை

வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் பயணஞ் செய்வோர் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலின் முன்னே வண்டியை நிறுத்தாமற் செல்வது அரிது. தேங்காய் அடித்து, திருநீறு பூசிய பின்னரே பயணந் தொடரும். வழிப்பயணத்தில் உயிருக்கு ஒரு காவல் வேண்டும் என்னும் எண்ணம் மிகப் பழையது. அவ்வெண்ணம் அறிவியலின் துணையால் எடுத்த வடிவங்களுள் ஒன்று, இக்கால மோட்டார் வண்டிகளில் மறைந்திருக்கும் காற்றுப்பை. 'எயார் பாக்' என்று யாவரும் வழங்கும் அப்பையின் வரலாற்றையும், அது ஒரு முறை விரிந்தபின் செய்யத்தக்கது யாது என்பதையும் இன்று நோக்குவோம்.

1951ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த வால்டர் லிண்டரர் என்பவர், மோதலின்போது விரியும் பையொன்றுக்கு உரிமம் வேண்டி விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டில் அமெரிக்கரான ஜோன் ஹெட்ரிக்கும் அவ்வாறே செய்தார். ஹெட்ரிக் தம் மனைவியோடும் சிறு மகளோடும் காரிற் சென்றபோது, வழியிற் கிடந்த பாறையைத் தவிர்க்கச் சடுதியாக வண்டியைத் திருப்ப நேர்ந்தது. அக்கணத்தில் பெற்றோர் இருவரும் தம்மையறியாமலே குழந்தைக்குக் குறுக்கே கைகளை நீட்டினர். அந்தக் கைகளின் வேலையைச் செய்ய ஒரு கருவி இயலாதா என்னும் சிந்தனையே அவருடைய பைக்கு வித்தாயிற்று. 1953இல் உரிமம் கிடைத்தது. ஆயினும் வண்டி உற்பத்தியாளர் எவரும் அப்போது அதனை ஏற்றிலர்.

அவரது பையில் இருந்த குறை, அழுத்திய காற்றின் வேகம் போதாமை. மோதல் நிகழ்ந்து, ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பை நிரம்பியாக வேண்டும். கண்ணிமைப்பதற்கும் அதனினும் கூடிய நேரமாகும். ஆகவே, காற்றை அடைத்து வைப்பதை விடுத்து, இரசாயனப் பொருளைக் கொளுத்தி வாயுவை அவ்விடத்திலேயே பிறப்பிக்கும் முறை தோன்றியது. 1968இல் அலன் பிரீட் என்பவர் மோதலை உணரும் கருவியை உருவாக்கினார். 1973இல் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ என்னும் காரில் காற்றுப்பை மக்களுக்கு விற்பனைக்கு வந்தது. 1987இல் ஹொண்டா லெஜண்ட் கார் வழியாக அது ஜப்பானிய வண்டிகளுட் புகுந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அது சுக்கானின் நடுவே அமர்ந்திருக்கிறது.

இனி வன்னியின் கதைக்கு வருவோம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின், எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடக்கே செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. அந்நாட்களில் நம் கராஜ்காரர்கள் காட்டிய கைத்திறன் ஒரு தனி வரலாறு. சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும் நோயாளரையும் மணமக்களையும் அவ்வாறே சுமந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தேய்ந்ததைத் தட்டி நிமிர்த்தி, உடைந்ததை ஒட்டி, ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தி வாழ்ந்த மக்கள் நாம். 'திருத்த முடியாதது ஒன்றுமில்லை' என்பது அக்காலத்தில் வெற்றுப் பெருமையன்று. உயிர் பிழைக்கும் வழியாகவே இருந்தது.

2002இல் திறந்த சாலை 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. சாலை சீராயிற்று; வேகமும் கூடிற்று. இரவில் மாடுகள் வீதியிற் படுத்துக் கிடப்பதோ மாறவில்லை. விபத்துக்கள் நேர்கின்றன, பைகள் விரிகின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியின் விலையும் பொன்விலையாயிற்று. அடிபட்ட வண்டியைக் கழித்துவிடப் பலருக்கு மனம் வரவில்லை, வசதியும் இல்லை. பழைய கைத்திறனை நாடுவது அந்நிலையில் இயல்பே.

ஆனால், நேயர்களே, அக்கைத்திறன் எல்லை காண வேண்டிய இடம் இது. காற்றுப்பை ஒரு முறை மட்டுமே விரியும்படி செய்யப்பட்டது. அதனை மடித்துத் தைத்து உள்ளே வைப்பதாற் பயனில்லை. வாயுவைப் பிறப்பித்த மருந்து எரிந்து தீர்ந்துவிட்டது. மோதலைப் பதிவு செய்த கட்டுப்பாட்டுப் பெட்டியையும், இறுகிப் போன ஆசனப் பட்டியின் இழுவையையும், பழுதுற்ற உணர்கருவிகளையும் உற்பத்தியாளர் விதித்தபடி மாற்றுதல் வேண்டும்.

வேறொரு வண்டியிற் கழற்றிய பையைப் பொருத்தினால் என்ன என்று கேட்கலாம். இதற்கு விடை கூறும் நிகழ்ச்சியொன்று 2017இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்தது. இளம்பெண் ஒருத்தி ஓட்டிய 2002ஆம் ஆண்டு ஹொண்டா கார் மோதியபோது பை விரிந்தது. உலோகத் துண்டுகள் அவள் கழுத்திற் பாய்ந்தன. அரிதின் உயிர் தப்பினாள். அந்தப் பை, 2001ஆம் ஆண்டு வண்டியொன்றிற் கழற்றிப் பொருத்தப்பட்டது என்பது பின்னரே தெரிய வந்தது.

அப்பையைச் செய்தது டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம். அதன் பைகளில் இருந்த அமோனியம் நைத்திரேற்று, நெடுங்காலம் வெப்பமும் ஈரமும் பட்டு நிலை கெட்டு, அளவுக்கு மீறி வெடித்தது. 2008இல் தொடங்கிய மீளழைப்பு, அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் வாயுக் குடுவைகளுக்கு விரிந்தது. அந்நாட்டில் 25 பேருக்கு மேல் மாண்டனர். நம்மைப் போன்றே வெம்மையும் ஈரமும் மிக்க மலேசியாவிலும் உயிர்கள் பலியாயின. 2017இல் அந்நிறுவனம் கடன்பட்டு நொடித்தது. மீளழைப்போ வண்டியின் அடிச்சட்ட எண்ணையே தேடிச் செல்லும். இடம் மாறிய பையை அது கண்டுகொள்ளாது. பழைய பையின் ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதனினும் கொடிது, பையே இல்லாமல் மேல்மூடியை மட்டும் புதிதாக மாட்டி, சிறு மின்தடையொன்றை இணைத்து எச்சரிக்கை விளக்கை ஏமாற்றும் வேலை. பழைய கார் வாங்குவோர் இதனைக் கவனித்தல் நலம். சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியாவிடினும், அணையாவிடினும் குறையுண்டு. சரியாக எரிந்து அணைந்தாலும் அது முழுச் சான்றாகாது. பயிற்சி பெற்றவரைக் கொண்டு கணினிக் கருவியாற் சோதித்து, மூடியைத் திறந்து பார்த்தலே உறுதி. பற்றரியைத் துண்டிக்காமல் அதனைத் தொடலாகாது. வெடியாத பொருளைத் தீண்டாதே என்று வன்னிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். விரியாத பையும் அவ்வகைப்பட்டதே.

புதிய பையின் விலை பெரிது என்பது மெய். அதனை வாங்க இயலாதவர் அக்குறையை மறையாது சொல்லி விற்றல் வேண்டும்; ஓட்டுபவர் ஆசனப் பட்டியை அணிந்து மெல்லச் செல்லல் வேண்டும். இல்லாத காவலை உண்டென்று காட்டுவதே பெரும் பாதகம். குழந்தைக்குக் குறுக்கே நீண்ட பெற்றோரின் கைகளே காற்றுப்பையாயின என்றோம். வெறும் மூடியை மாட்டி விற்பவன், அக்கைகள் அங்கே இருப்பதாக இன்னொரு குடும்பத்தை நம்பவைத்து வழியனுப்புகிறான்.