இரண்டு சந்தைகள், இரண்டு எண்கள்

மாலைச் செய்தியில் சென்செக்ஸ், நிஃப்டி என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றில் எதைக் கவனிப்பது என்று பங்கு முதலீட்டுக்குப் புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எதைக் கவனித்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதே என் பதில். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மும்பை பங்குச் சந்தையும் (பிஎஸ்இ) தேசிய பங்குச் சந்தையும் (என்எஸ்இ) பிறப்பிலேயே வேறுபட்டவை. உண்மையான ஒப்பீடு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மும்பை சந்தை தரகர்கள் கட்டியது. 1850-களில் மும்பை டவுன் ஹால் அருகே மரத்தடியில் கூடிப் பங்கு பேரம் பேசியவர்களின் வழிவந்த கூட்டம், 1875-இல் ஒரு சங்கமாகத் திரண்டது. ஆசியாவின் மிகப் பழைய பங்குச் சந்தை அது. உறுப்பினராக இருந்த தரகர்களே அதன் உரிமையாளர்கள், அதன் நிர்வாகிகளும் அவர்களே. தலால் தெருவின் வணிகக் களத்தில் நின்று கூவி விலை பேசுவார்கள். மதுரையிலோ நெல்லையிலோ இருந்து பங்கு வாங்கச் சொன்ன ஒருவருக்கு, அந்த நேரத்தில் களத்தில் உண்மையில் என்ன விலை ஓடியது என்று சரிபார்க்க வழியில்லை. தரகர் சொன்னதே விலை. பிறகு காகிதப் பத்திரம் தபாலில் வரும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அது திரும்பிப்போவதும் வழக்கமான தொல்லைதான்.

தேசிய பங்குச் சந்தை இந்த ஏற்பாட்டுக்கு மாற்றாகத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. 1991-இல் பெர்வானி தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. 1992-இல் ஐடிபிஐ, எல்ஐசி போன்ற பொது நிதி நிறுவனங்கள் சேர்ந்து அதைத் தொடங்கின. பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் நாட்டை உலுக்கியதும் அதே ஆண்டுதான். புதிய சந்தையில் தரகர் வணிகம் செய்யலாம், ஆனால் சந்தை அவருக்குச் சொந்தமல்ல. 1994 நவம்பரில் பங்கு வணிகம் தொடங்கியபோது அங்கே கூவுவதற்குக் களமே இல்லை. ஊர்தோறும் தரகர் அலுவலகங்கள் செயற்கைக்கோள் வழியாக மையக் கணினியோடு இணைந்திருந்தன. நல்ல விலை சொன்ன ஆணைக்கு முதலிடம். விலை ஒன்றாக இருந்தால் முந்தி வந்த ஆணைக்கு முதலிடம். எதிரே வாங்குவது யார், விற்பது யார் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு மாற்றம் சிறு முதலீட்டாளருக்குச் செய்த நன்மையை எவ்வளவு சொன்னாலும் தகும். ஓராண்டுக்குள் புதிய சந்தையின் வணிக அளவு பழையதைத் தாண்டியது. 1995-இல் மும்பை சந்தையும் கணினித் திரைக்கு மாறியது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரு சந்தைகளின் திரையும் நம் ஊருக்கே வந்துவிட்டதால் நம் ஊர்ச் சந்தைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோயம்புத்தூர் பங்குச் சந்தை மூடப்பட்டது. 1937 முதல் இயங்கிவந்த சென்னை பங்குச் சந்தையும் 2015-இல் விடைபெற்றது.

இன்று இரண்டு சந்தைகளும் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஒரே விதிகளுக்குள் இயங்குகின்றன. பங்குகள் மின்னணு வடிவில் டீமேட் கணக்கில் இருக்கின்றன, வாங்கியதும் விற்றதும் அடுத்த வேலைநாளில் தீர்வாகிவிடுகின்றன. மீதமுள்ள வேறுபாடு அளவில்தான். மும்பை சந்தையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலில் உள்ளன. தேசிய சந்தையில் இரண்டாயிரத்துக்கு மேல். ஆனால் அன்றாட வணிகத்தின் பெரும்பங்கு தேசிய சந்தையில்தான் நடக்கிறது. மும்பையில் மட்டும் பட்டியலான சிறு நிறுவனப் பங்குகள் பலவற்றுக்கு ஆள் குறைவு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். புதியவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டிய இடம் அது. ஒரு சந்தை போதாதா என்று கேட்பவர்களுக்கு 2021 பிப்ரவரி 24 பதில் சொல்லும். தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் அன்று தேசிய சந்தை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நின்றுபோனது. மும்பை சந்தை நிற்கவில்லை.

இனி எண்களுக்கு வருவோம். மும்பை சந்தையின் குறியீடான சென்செக்ஸில் 30 நிறுவனங்கள், தேசிய சந்தையின் குறியீடான நிஃப்டியில் 50. முப்பதில் ஏறத்தாழ அனைத்தும் ஐம்பதிலும் உள்ளவை. ரிலையன்ஸ், ஹெச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, இன்ஃபோசிஸ் போன்ற பெரிய நிறுவனங்களே இரண்டையும் இழுத்துச் செல்கின்றன. கணக்கும் ஒன்றுதான். ஒரு நிறுவனத்துக்கு 100 கோடி பங்குகள், ஒன்றின் விலை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தை நடத்தும் புரமோட்டர்கள் கையில் 60 கோடி பங்குகள் இருந்தால் அவை சந்தைக்கு வராதவை. மிச்சம் 40 கோடியை 500-ஆல் பெருக்கி வரும் 20,000 கோடி ரூபாய்தான் குறியீட்டில் அந்த நிறுவனத்தின் எடையைத் தீர்மானிக்கிறது. சென்செக்ஸ் இந்த முறைக்கு 2003-இலும் நிஃப்டி 2009-இலும் மாறின. நிறுவனம் சீரழிந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்த 2009 ஜனவரியிலேயே அந்தப் பெயர் இரண்டிலிருந்தும் வெளியேறியது.

அப்படியானால் சென்செக்ஸ் ஏன் நிஃப்டியைப்போல மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கிறது? தொடக்கப் புள்ளி வேறு என்பதால் மட்டுமே. சென்செக்ஸ் 1978-79-ஐ 100 என்று வைத்து எண்ணத் தொடங்கியது. நிஃப்டி 1995 நவம்பர் 3-ஐ 1,000 என்று வைத்தது. சந்தையின் பலத்துக்கும் எண்ணின் பருமனுக்கும் தொடர்பு இல்லை.

இது புரியாததால்தான் தலைப்புச் செய்திகள் மக்களை வீணாகப் பதற வைக்கின்றன. 2020 மார்ச் 23 அன்று, கொரோனா அச்சத்தில், சென்செக்ஸ் 3,935 புள்ளிகள் சரிந்தது. மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான 2024 ஜூன் 4 அன்று 4,390 புள்ளிகள் சரிந்தது. புள்ளிகளைப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய வீழ்ச்சி. விழுக்காட்டில் பார்த்தால் முதல் நாள் 13-க்கு மேல், இரண்டாம் நாள் 6-ஐக்கூட எட்டவில்லை. நிஃப்டியை ஒப்பிட்டாலும் இதே பாடம்தான்: 2020-இன் அதே நாளில் அது இழந்தது 1,135 புள்ளிகள், ஆனால் அதுவும் ஏறத்தாழ 13 விழுக்காடு. புள்ளிக் கணக்கைப் படிக்காதீர்கள் என்று புதியவர்களிடம் மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது. விழுக்காட்டைத் தேடிப் படியுங்கள்.

இரண்டு எண்களுக்கும் பொதுவான குறையும் உண்டு. இரண்டுமே பெரிய நிறுவனங்களின் கதையை மட்டும் சொல்கின்றன. நடுத்தர, சிறு நிறுவனங்கள் தனி வழியில் போகலாம். மேலும், செய்தியில் வரும் குறியீட்டில் டிவிடெண்ட் சேராது. டிவிடெண்டை மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிடும் மொத்த வருவாய்க் குறியீடு தனியாக உண்டு. பரஸ்பர நிதிகள் தங்கள் செயல்பாட்டை அதோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று 2018-இல் செபி கட்டாயமாக்கியது. இந்தக் குறியீடுகளைப் பின்பற்றும் நிதிகளில் சென்செக்ஸ் ஃபண்டா நிஃப்டி ஃபண்டா என்று தயங்குபவர்கள் குறியீட்டின் பெயரை விட்டுவிட்டு, ஃபண்டின் ஆண்டுச் செலவு விகிதத்தையும், மொத்த வருவாய்க் குறியீட்டிலிருந்து அது எவ்வளவு பின்தங்குகிறது என்பதையும் பார்த்து முடிவு செய்யலாம்.